நல்ல தண்ணீர் மீன் தண்ணீர் குடிக்காது

இது மை இல்லை அக்கா. மை படுகிற வேலைக்கு நான் எங்கே போனேன், ஆறாவதோடு நின்றவள். இது மீன் மருந்து. நீல மருந்து என்போம். ஒரு சொட்டு பட்டால் நாலு நாளைக்குப் போகாது, என்ன சோப்புப் போட்டாலும் போகாது. வரும்போது பஸ்ஸில் ஒரு அம்மா என் விரலைப் பார்த்துவிட்டு, “எங்கம்மா எலெக்‌ஷன்?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன்.

எனக்குத் திருப்பிச் சொல்ல வராது. உங்களிடம் என்னவோ பேசுகிறேன். உங்கள் பொண்ணு காதில் மெஷின் மாட்டியிருக்கிறதே, அதைப் பார்த்ததிலிருந்து ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது. அது உறுத்தாதா? தூங்கும்போது கழற்றிவிடுவீர்களா? சரி சரி. எனக்கு எதற்கு அது. சும்மா கேட்டேன்.

காது டாக்டருக்கு என் டோக்கன் நாற்பத்தொன்று. இப்போதுதான் முப்பத்து நாலு உள்ளே போயிருக்கிறது. அதோ சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறாளே, பச்சைக் கவுன், அவள்தான் என் பொண்ணு. தர்ஷினி. இரண்டரை வயசு. அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும் அக்கா. பேச்சுதான் நின்றுவிட்டது. போன ஐப்பசி வரைக்கும் பேசினாள். அம்மா, தா, போ, ஆயா, மீமீ, இத்தனையும் சொல்லுவாள். இப்போது ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சு திரும்ப வருமா வராதா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதற்குக் காதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? எழுந்து போய்விடலாமா என்றுகூட இருக்கிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் உட்கார்ந்திருக்கிறேன்.

“தர்ஷு! தர்ஷு, அங்க கை வெக்காத, அழுக்கு!”

பார்த்தீர்களா? திரும்ப மாட்டாள். பிடிவாதம். அவங்க அப்பா அப்படியே. இருங்கள், போய்த் தூக்கி வந்துவிடுகிறேன்.

ம். இங்கேயே உட்காருடி, அக்கா பக்கத்தில்.

என்ன சொன்னேன், மீன் மருந்து. எங்களுக்குக் கொளத்தூர் அக்கா. எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வளர்ப்பு மீன் கடை. எங்களுடையது சின்னது. முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவில் ஒரு துணி தொங்கும். கடையில் முப்பது தொட்டி. காற்று விடுகிற மோட்டார் ராப்பகலாக ஓடும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த டர்ர்ர் சத்தத்தில் எனக்குத் தூக்கமே வராது. இவள் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவள். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் வீல் என்று எழுந்து அழுவாள். இப்போது கரண்ட் போனால் அழுவதில்லை. நல்ல பிள்ளையாகிவிட்டாள்.

கடை வாசலில் ஒரு பெரிய தொட்டி. அதில் ஒரே ஒரு மீன். நெற்றியில் கொழுக்கட்டையை ஒட்ட வைத்த மாதிரி புடைத்திருக்கும், ஃப்ளவர்ஹார்ன் என்பார்கள். கூட வேறு மீன் விட்டால் அடித்தே கொன்றுவிடும். அது நாள் முழுக்க வாயால் கூழாங்கல்லைத் தூக்கித் தூக்கி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போடும். மறுநாள் அங்கிருந்து இங்கே. அதனால் எங்க வீட்டுக்காரர் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தார். “இந்த வூட்ல அது ஒண்ணுதான் ஒழுங்கா வேல செய்யுது” என்பார், என்னைப் பார்த்துக்கொண்டே. அவர் பேர் தசரதன். கோபக்காரர் இல்லை அக்கா. வாய்தான்.

அதை விற்கவே மாட்டார். விரல் நீளக் குஞ்சாக வாங்கி வந்து வளர்த்தது. நான் உண்டாகியிருந்தபோது வந்தது, அதனால் இவளும் அதுவும் ஒரே வயசு. காலையில் எழுந்ததும் இவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நேரே அந்தத் தொட்டிக்குத்தான் போவாள். கண்ணாடியில் வாயை ஒட்டி “மீமீ” என்பாள். அதுவும் கல்லைப் போட்டுவிட்டு வந்து, அவள் வாய்க்கு நேரே நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். இரண்டும் என்னதான் பேசுமோ. எனக்கே சில நாள் பொறாமையாக இருக்கும்.

போன ஐப்பசியில் அந்த மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் வெயிலே இல்லை. தொட்டித் தண்ணீர் சில்லிட்டுப்போய், முதலில் சின்ன மீன்களுக்கு உடம்பெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளைப் பொட்டு வந்தது. நீல மருந்து விட்டோம், கல் உப்புப் போட்டோம். நாலாம் நாள் பொட்டெல்லாம் உதிர்ந்து, மீனெல்லாம் சுறுசுறு என்று ஓடியது. என் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்ததனால்தான் அக்கா நான் நம்பினேன். இல்லாவிட்டால் நம்பியிருப்பேனா?

அவர் எப்போதும் ஒன்று சொல்லுவார். “மீனத் தொடாத. தண்ணியப் பாரு. தண்ணி சரியாப் பூட்ச்சின்னா மீன் தானா சரியாப் பூடும்.” எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். ஒரு மீன் சோர்ந்தால் தொட்டிக்கு மருந்து. யாரும் மீனைப் பிடித்து வாயைத் திற என்று சொல்வதில்லை.

பிறகு ஒரு நாள் மேஸ்திரி கல்லைத் தூக்கவில்லை. எனக்குத்தான் முதலில் தெரிந்தது. மூலையில் நின்றது. தீனி போட்டால் இரண்டு வாய் எடுத்து, ஒன்றை முழுங்கி ஒன்றைத் துப்பியது. பின்னால் வெள்ளை நூல் மாதிரி நீளமாக இழுத்துக்கொண்டு திரிந்தது. நெற்றிப் புடைப்பில் ஊசி குத்தின மாதிரி இரண்டு குழி. அவரிடம் சொன்னேன்.

“வயித்துல பூச்சி” என்றார். மெடிக்கலில் போய் ஒரு அட்டை மாத்திரை வாங்கிவந்தார். மனுஷங்களுக்கு வயிற்றுக் கடுப்புக்குக் கொடுப்பார்களே, அதே மாத்திரைதான். “தெனம் காலைல மூணுல ஒரு பங்கு தண்ணிய எடுத்துட்டு, புதுத் தண்ணி ஊத்தி, ரெண்டு மாத்திரைய நசுக்கிக் கரைச்சு வுடு” என்றார். அவர் காலையில் மீன் பண்ணைக்குப் போனால் மத்தியானம்தான் வருவார். அதனால் எல்லாம் நான்தான். பழைய டம்ளரில் மாத்திரையைப் போட்டு, கரண்டிக் காம்பால் இடித்து, மாவு மாதிரி ஆக்கி, கலக்கி ஊற்றுவேன். ஊற்றிவிட்டுத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவேன். அது வாயைத் திறந்து திறந்து மூடும். நான், “குடி ராசா, குடி. இன்னும் ஒரு வாய். குடி” என்பேன். அப்படிக் குடித்தது அக்கா. அவ்வளவு தாகமாகக் குடித்த மாதிரி இருந்தது. அவருக்குப் போன் பண்ணி, “நல்லா குடிக்குதுங்க” என்பேன். “குடிக்கட்டும், குடிக்கட்டும்” என்பார்.

இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அதே வாரம் இவளுக்கும் காய்ச்சல். காதில் சீழ். மழைக் காலத்தில் எந்தப் பிள்ளைக்குத்தான் வரவில்லை? பக்கத்துச் சுகாதார மையத்தில் காட்டினேன், மருந்து கொடுத்தார்கள், கொடுத்தேன். அதை விடுங்கள்.

மேஸ்திரிக்கு மருந்து விட ஆரம்பித்த ஆறாவது நாள் ஃபரீதா மேடம் வந்தார். மீனுக்கென்றே படித்த டாக்டர். மாசத்துக்கு ஒரு தரம் எங்கள் தெருவுக்கு வந்து, தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்துப் பார்த்து, ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். எங்கள் ஆட்கள் தலையாட்டிவிட்டு, போன பிறகு, “படிச்சதுங்க வந்து மீனுக்கு நீச்சல் கத்துக்குடுக்குது” என்று சிரிப்பார்கள். அன்றைக்குக் கடையில் நான் மட்டும். இவளைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“இது எத்தன நாளா சாப்பிடல?”

“மூணு நாளா மேடம்.”

“அதுக்கு முன்னாடி?”

“ரெண்டு வாய் சாப்பிடும். ஒண்ணத் துப்பும்.”

“ஒண்ணு முழுங்குச்சுல்ல? அப்பவே மருந்தத் தீனில ஊறவெச்சுக் குடுத்திருக்கலாமே. தண்ணில எதுக்கு ஊத்துனீங்க?”

“நல்லா குடிக்குது மேடம். பாருங்க, இப்பக்கூட.”

மேடம் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “அது குடிக்கலம்மா. மூச்சு விடுது. வாய் வழியா எடுத்து, செவுள் வழியா வெளிய விட்டுடும். கடல் மீனுதான் தண்ணி குடிக்கும். இது நல்ல தண்ணி மீனு. நல்ல தண்ணி மீன் தண்ணியே குடிக்காதுன்னு வெச்சுக்க.”

எனக்குப் புரியவில்லை. நான் சொன்னேன், “தண்ணிக்குள்ளயே இருக்குது மேடம்.”

“இருக்குது. ஆனா குடிக்காது.”

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். வெள்ளைப் பொட்டு மாதிரி தோலின் மேல் வருகிற நோய்க்குத் தண்ணீரில் மருந்து விட்டால் கேட்கும், ஏனென்றால் தண்ணீரிலும் தோலிலும் இருப்பதை மருந்து நேராகப் போய்த் தொடும். வயிற்றுக்குள் இருக்கிற நோய்க்கு மருந்து வயிற்றுக்குள் போக வேண்டும். “கொஞ்சூண்டு செவுள் வழியா உள்ள போகும், அது பத்தாது. சோத்துல உப்பு இல்லன்னா சோத்துல போடணும். அடுப்பங்கரை முழுக்கத் தெளிச்சா ஆச்சா?” என்றார். “சிலது எப்படியோ பொழைச்சுக்கும். அதப் பாத்துட்டு எல்லாரும் இதையே பண்றீங்க.”

“இப்ப என்ன பண்றது மேடம்?”

“சாப்பிட்டாத்தானே கலந்து குடுக்க முடியும்” என்றார்.

 ஆறு நாள் அக்கா. ஆறு நாளும் அது வாயைத் திறந்து திறந்து என்னிடம் எதையோ கேட்டிருக்கிறது. நான் குடி குடி என்றிருக்கிறேன். அது ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. மருந்து சுற்றிலும் நிற்கிறது. அது நடுவில் நிற்கிறது. ஒரு சொட்டுக்கூட இல்லை.

மத்தியானம் அவர் வந்ததும் ஈரத் துண்டில் மேஸ்திரியைப் பிடித்தார்கள். மேடம் மெல்லிசான குழாயைத் தொண்டைக்குள் விட்டு மருந்தை இறக்கினார். அது துள்ளவில்லை. துள்ளியிருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்கும். மறுநாள் காலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. இவள் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு போய், கண்ணாடியில் வாயை வைத்து, “மீமீ” என்றாள். அதுதான் இவள் கடைசியாகச் சொன்னது. இல்லை, அதற்குப் பிறகும் நாலைந்து நாள் பேசினாள். அம்மா என்றாள், தா என்றாள். ஆனால் எனக்கு அதுதான் கடைசி மாதிரி மனசில் நிற்கிறது.

அவர் மீனைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஒரு வேல குடுத்தா ஒழுங்கா செய்ய மாட்டியாடி? ஆறாங்கிளாஸ் கழுத” என்றார். ஊற்றச் சொன்னது அவர்தான்.  எங்கள் அத்தை, அவரைப் பெற்றவர், உள்ளேயிருந்து, “அவளயே சொல்லு. நீ பெரிய மீன் டாக்டரு” என்றார். அத்தை எனக்காகப் பேசியது அந்த ஒரு தரம்தான்.

மறுவாரம் இவளுக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. கண் மேலே போய் இழுப்பு வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினாலு நாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். பிழைத்தது மறுபிறவி என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டில் என்னென்னவோ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்கள். ராத்திரியும் பகலும் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள் நான், அந்தச் சீட்டைப் பத்திரமாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். இவள் பேசவில்லை.

முதலில் அசதி என்று நினைத்தேன். பிறகு பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். எத்தனை ஊசி. ஒரு மாசம் போனது. காலையில் எழுந்து நேரே அந்தத் தொட்டிக்குப் போவாள். அதில் மீன் இல்லை, தண்ணீர்கூட இல்லை. கண்ணாடியில் வாயை வைப்பாள். திறப்பாள், மூடுவாள். திறப்பாள், மூடுவாள். சத்தம் இல்லை அக்கா. காற்றுகூட இல்லை.

முதல் தரம் அதைப் பார்த்தபோது என் கையிலிருந்த வாளி நழுவிப் பின்னால் விழுந்தது. அவ்வளவு சத்தத்துக்கும் இவள் திரும்பவில்லை. அவ்வளவு லயித்துப் போயிருந்தாள்.  யார் அந்த வாயைத் திறந்து மூடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆறு நாள் எதிரே உட்கார்ந்து பார்த்த வாய் இல்லையா அது?

நீங்கள் சிரிக்காதீர்கள். சிரிக்கவில்லையா? சரி. அவரிடம் சொன்னேன், சிரித்தார். “மீனு ஆவியா வருதா? வந்தா சொல்லு, தொட்டில புடிச்சுப் போடலாம்” என்றார். ஆனால் மறுநாளே அந்தத் தொட்டியைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டார்.  இவள் அங்கேயும் போய்க் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா சொல்லு. அம்மா சொல்லுடி” என்று தொண்டை கிழியக் கத்துவேன். என் முகத்தைப் பார்ப்பாள். என் வாயைத்தான் பார்ப்பாள். நான் திறந்தால் திறப்பாள். நான் மூடினால் மூடுவாள். சிரிப்பாள் வேறு. எனக்கு இப்போது கடையில் நிற்கவே முடியவில்லை அக்கா. முப்பது தொட்டியிலும் வாய். எல்லாம் என் பக்கம் பார்த்துத் திறந்து திறந்து மூடுகிறது.

அத்தைதான் வழி சொன்னார். தெருமுனை அம்மன் கோயில் மணியின் மேல் தண்ணீர் ஊற்றி, கீழே பிடித்து, அதைக் குடிக்க வைத்தால் பேச்சு வராத பிள்ளைக்குப் பேச்சு வரும். நாற்பத்தெட்டு நாள். நீங்களும் செய்தீர்களா? எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வார்கள். நான் ஒரு நாள் விடவில்லை. குளித்துவிட்டுப் போவேன், பூசாரி மணி மேல் ஊற்றுவார், நான் செம்பில் பிடிப்பேன். அதைச் சும்மா கொடுத்துவிட்டு வரவில்லை அக்கா. மடியில் படுக்க வைத்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று விரலை வைத்துப் பார்த்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிக்க வைத்தேன். உள்ளே போக வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? மேடம் சொல்லிக் கொடுத்ததுதானே.

அந்த மணி அடிக்கும்போது இவள் தூணைக் கட்டிக்கொண்டு கன்னத்தை வைத்துச் சிரிப்பாள். வீட்டிலும் மோட்டார் மேல் கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். காது கேட்காத பிள்ளை மணிச் சத்தத்துக்குச் சிரிக்குமா? சொல்லுங்கள். தூணை விட்டுத் தூரத்தில் நிற்க வைத்தால் மட்டும் சிரிக்க மாட்டாள். பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும் அவளுக்கு.

என்ன அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

நாற்பத்தெட்டு நாள் முடிந்து அங்கன்வாடியில் விட்டேன். நாலு பிள்ளைகளோடு இருந்தால் வாய் வரும் என்று. அங்கே ஜெபமணி டீச்சர். பத்தாம் நாள் நான் கூட்டிவரப் போனபோது, “கொஞ்சம் நில்லும்மா” என்றார். இவள் தரையில் உட்கார்ந்து சுண்டல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் பின்னால் போய், சோற்றுத் தட்டை, எவர்சில்வர் தட்டு, தலைக்கு மேலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டார். அப்பா! பதினெட்டுப் பிள்ளைகளும் துள்ளின. ஒன்று அழுதது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். இவள் சுண்டல் பொறுக்கினாள்.

“பாத்தியா?” என்றார் டீச்சர்.

“அவளுக்குச் சுண்டல்னா உசுரு டீச்சர்” என்றேன்.

அங்கே நின்ற அம்மாக்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, “ஐயோ பாவம், கொழந்த மூக்கும் முழியுமா இருக்குது” என்றாள். இன்னொருத்தி, “மீனு வித்த பாவம்” என்று மெதுவாகச் சொன்னாள், எனக்குக் கேட்கிற மாதிரி மெதுவாக. எனக்கு டீச்சர் மேல்தான் ஆத்திரம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா? தட்டைப் போட்டு, ஊரைக் கூட்டி. மறுநாளிலிருந்து பிள்ளையை அனுப்பவில்லை. டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். “மூணு மாசத்துல காதப் பாக்கச் சொல்லித் தெளிவா எழுதியிருக்காங்க. பாத்தியா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “சீக்கிரம் போனா மெஷின் வெச்சுப் பேச வெச்சுடலாம்மா. நாளாக ஆகக் கஷ்டம்” என்றார். அவர் போன பிறகு சீட்டைத் திரும்ப மடித்து அங்கேயே வைத்தேன்.

பிடிவாதம் என்று உங்களிடம் சொன்னேன் இல்லையா. எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அத்தைக்கும்.

போன செவ்வாய்க்கிழமை கடை வாசலில் தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது. தெருவே அலறும்படி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. கிளீனர் பக்கவாட்டில் தட்டுகிறான், வா வா வா என்கிறான். இவள் லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் மழைத் தண்ணீர்க் குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் துணிக்கு இந்தப் பக்கம் இருந்து, “தர்ஷு! தர்ஷு! தர்ஷு!” என்று கத்தினேன். ஓட வேண்டியதுதானே? ஓடவில்லை அக்கா. கத்திக்கொண்டே நின்றேன். எதிர்க் கடை அண்ணன்தான் பாய்ந்து தூக்கினார். தூக்கிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, “கத்தினா வருமா இது? கத்தினா வருமா?” என்று என்னைத் திட்டினார்.

எதிர்க் கடைக்காரருக்கே தெரிந்திருக்கிறது.

அதனால்தான் இன்றைக்கு வந்தேன். அவர் இன்றைக்குத் தொட்டி கழுவுகிறார். நீ போ, நான் வந்தா எனக்குத் தாங்காது என்றார். வாய்தான் என்று சொன்னேனே. அந்த வாயும் அன்றைக்கிலிருந்து இல்லை.

முப்பத்தொன்பதா இப்போது? ஐயோ, அதற்குள்ளா.

அக்கா, ஒன்று சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. சுகாதார மையத்தில் கொடுத்த மருந்து என்று சொன்னேனே. பாட்டிலில் பொடியாக இருந்தது. காய்ச்சி ஆறின தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கச் சொன்னார்கள். மூன்று வேளை, ஏழு நாள். முதல் நாள் ஸ்பூனில் கொடுத்தேன், துப்பிவிட்டாள். மூக்கைப் பிடித்தேன், வாந்தி எடுத்துவிட்டாள். துப்பினா என்ன பண்றது என்று போய்க் கேட்டிருக்கலாம். கூட்டமாக இருந்தது. எனக்கு அங்கேயெல்லாம் வாய் எழாது. அதனால் பால் பாட்டிலில் கலந்தேன். பாட்டில் நிறையப் பால், அதில் மருந்து. இரண்டு விரல் அளவு குடிப்பாள், தூங்கிவிடுவாள். மிச்சத்தைக் கீழே ஊற்றிவிடுவேன். அடுத்த வேளைக்கு மறுபடியும். ஒரு வேளை தவறவில்லை அக்கா. ஏழு நாளும் ஊற்றினேன்.

நல்ல தண்ணி மீன் தண்ணியே குடிக்காது என்று மேடம் சொன்னாரே, அப்போது நான் மேஸ்திரியைப் பார்க்கவில்லை. மோட்டார் மேல் வைத்திருந்த பால் பாட்டிலைப் பார்த்தேன். முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் இவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தோளில் சிரித்துக்கொண்டு இருந்தாள். நன்றாகத்தானே இருக்கிறாள், இனிமேல் எதற்கு என்று இருந்துவிட்டேன். யாரிடம் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். ஒரு வாரம் இருந்தேன். பிறகுதான் இழுப்பு வந்தது.

மீன் வந்து பிடித்துக்கொண்டது என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். அதனால்தான் அப்படி நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

அதனால் வந்ததா, இல்லாவிட்டாலும் வந்திருக்குமா? உங்களுக்கும் தெரியாதுதான். உள்ளே இருக்கிறவர்களுக்காவது தெரியுமா?

நாற்பத்தொன்று. கூப்பிடுகிறார்கள். எழுந்திரு தர்ஷு. பாருங்கள், தொட்டால் உடனே எழுந்துகொள்கிறாள்.

அக்கா, நீங்களும் உள்ளே வரை வருகிறீர்களா? எனக்குப் பெரிய டாக்டர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காய்ச்சலுக்கு மருந்து முழுசாக் குடுத்தியா என்று கேட்பார்கள். கேட்டால் என் வாயில் குடுத்தேன் என்றுதான் வரும். ஏழு நாளும் குடுத்தேன் என்றுதான் வரும், பொய்யும் இல்லை. நான் அதைச் சொல்லி முடித்ததும், கொஞ்சம் முன்னால் வந்து, இவள் எவ்வளவு குடித்தாள் என்பதை நீங்கள் சொல்லிவிடுங்கள்.